தர்மாஸ்பத்திரி நன்கொடை நோட்டு (கொல்லம் 1122): படிக்க உதவி வேண்டும்

விளவங்கோட்டான்:

அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். அடியில் ஒரு பழைய வேட்டிக்குள் சுற்றி நீள நோட்டு ஒன்று இருந்தது. மளிகைக் கடையில் பற்று எழுதுவார்களே, அந்த சைஸ். அட்டையில் பாட்டாவின் (தாத்தாவின்) கையெழுத்து: "தர்மாஸ்பத்திரி வகை வரவு, 1122 ஆவணி முதல்."

கேரள எல்லையில் உள்ள களியக்காவிளையில் இருந்து பஸ்ஸில் கால் மணி நேரம் எங்கள் ஊர். ஊர்க்காரர்கள் சேர்ந்து கட்டிய சின்ன ஆஸ்பத்திரி ஒன்று இன்றும் அங்கே நடக்கிறது. நான் பிறந்தது அங்கேதான், அப்பாவின் கடைசி மூச்சு பிரிந்ததும் அங்கேதான். பாட்டா அதன் முதல் கமிட்டியில் கணக்கு எழுதியவர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நோட்டு ஒன்று இருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. கமிட்டியில் ஒரு பேச்சு நடந்துகொண்டிருப்பதால் ஆஸ்பத்திரி பெயரை இங்கே போடவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேச்சு இதுதான். முன்பக்கம் புதுக் கட்டடம் வருகிறது. வாசலில் ஒரு கருங்கல் பதிக்கப் போகிறார்கள். நாற்பது சென்ட் நிலம் எழுதிக் கொடுத்த குடும்பத்தின் பெயர் மட்டும் அதில் வரும். அந்தக் குடும்பத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ரோட்டு ஓரத்து நிலத்தை அந்தக் காலத்தில் யார் கொடுப்பார்கள்? ஆனால் இந்த நோட்டைப் புரட்டின பிறகு ஒரே ஒரு பெயர் உள்ள கல்லை மனசு ஏற்கவில்லை.

பாதிப் பக்கம் தமிழ். பாதி மலையாள எழுத்து, எனக்கு அது தட்டுத் தடுமாறித்தான் வரும். ச., ப., ப.நெ., பி.அ., ம.சீ. என்று சுருக்கிச் சுருக்கி எழுதியிருக்கிறார். 1122 எந்த வருஷம், இந்தச் சுருக்கங்கள் என்ன என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நம் எல்லைப் பக்கத்தில் இப்படி ஊர்க்காரர்கள் கையால் எழுந்த ஆஸ்பத்திரிகள் வேறு எவை என்றும் சொன்னால் கமிட்டியில் பேசும்போது எனக்குத் தைரியமாக இருக்கும்.

நாஞ்சில் கணக்கு:

தம்பி, அப்பாவுக்கு என் அஞ்சலி.

கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு, ஆவணியில் பிறக்கும். மலையாளத்தில் சிங்ஙம் என்பார்கள். ஆவணி முதல் மார்கழி பாதி வரை 824-ஐக் கூட்டுங்கள், அதற்குப் பிறகு 825. அப்படியானால் 1122 ஆவணி என்பது 1946 ஆகஸ்ட்.

ச. என்பது சக்கரம், ப. என்பது பணம். திருவிதாங்கூர் நாணயத்தில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். அதாவது 28 சக்கரம் ஒரு சமஸ்தான ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய் என்றால் இருபத்தெட்டரைச் சக்கரம். கணக்கில் "பி.ரூ." என்று எங்காவது வந்தால் அந்த அரைச் சக்கர வித்தியாசத்தைக் கவனியுங்கள். அந்த அரையை விட்டுவிட்டு எழுதும் கணக்குப்பிள்ளை அன்றைக்கு யாரும் கிடையாது.

ப.நெ. பறை நெல்லாக இருக்கும். 4 நாழி ஒரு இடங்கழி, 10 இடங்கழி ஒரு பறை. ம.சீ. மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு. பி.அ. என்ன என்று உங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டாலே தெரிந்திருக்கும், பிடியரிசி.

விளவங்கோட்டான்:

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. இப்போதுதான் நோட்டு பேச ஆரம்பிக்கிறது. முதல் முப்பது பக்கத்தில் ரூபாய்க் கணக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். மற்றதெல்லாம் சக்கரம். 2 சக்கரம், 3 சக்கரம், அரைப் பணம். வாரா வாரம் அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

பிடியரிசிப் பக்கங்களில் ஆள் பெயரே இல்லை. வீட்டுப் பெயர்தான். "கிழக்கே வீடு, பி.அ. 1 இடங்கழி", "பனவிளை, பி.அ. 3 நாழி" என்று போகிறது.

நெய்யூர் அக்கா:

மக்கா, பிடியரிசி எப்படிச் சேரும் தெரியுமா? இப்போ உள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. உலை வைக்கும்போது அரிசியை அளந்து எடுத்துவிட்டு, அதில் இருந்து ஒரு கைப்பிடி எடுத்து அடுப்படியில் இருக்கும் தனிக் கலயத்தில் போடணும். வாரக் கடைசியில் கலயம் எடுக்க ஆள் வரும். எங்க அம்மை கோயிலுக்கு அப்படித்தான் கொடுத்தாள். வீட்டில் ஆம்பிளைகளிடம் பைசா கேட்க முடியாத பெண்களுக்குத் தன் கையால் கொடுக்க இருந்த ஒரே வழி அந்தக் கலயம்தான். அதனால்தான் ஆள் பெயர் இல்லாமல் வீட்டுப் பெயர் இருக்கிறது. கொடுத்தது பெண், எழுதினது வீடு.

இன்னொன்றும் யோசி. 1946 என்கிறாய். அது என்ன காலம்? 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் நமக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றுபோச்சு. திருவிதாங்கூரே வெளி அரிசியை நம்பிக் கிடந்த நாடு. ரேஷன் வந்தது. மரச்சீனியும் கருவாடும் தின்று உயிர் வளர்த்த வருஷங்கள் என்று அம்மை சொல்வாள். அந்த அடுப்பில் இருந்து ஒரு பிடி அரிசியைத் தள்ளி வைத்தாள் என்றால் அன்றைக்கு யாரோ ஒருத்தர் அரை வயிறு. அந்த 3 நாழியைச் சின்னதாக நினைக்காதே.

நான் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நெய்யூர் பக்கத்து ஆள். நெய்யூர் ஆஸ்பத்திரிக் கதை உனக்கு உதவும் என்பதால் சொல்கிறேன். லண்டன் மிஷன் வைத்தியர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838-ல் வந்து தொடங்கினது. அவருக்குப் பிறகு பல வருஷம் ஆளில்லை. 1850-களில் லெய்ட்ச் வந்தார், 1854-ல் கடலில் குளிக்கப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. 1861-ல் ஜான் லோ வந்தார். இவர் செய்த காரியம்தான் முக்கியம். 1864-ல் உள்ளூர்ப் பையன்களைச் சேர்த்து வைத்திய வகுப்பு நடத்தினார். அந்த வகுப்பில் படித்தவர்கள் சுற்றியுள்ள ஊர்களில் கிளை வைத்தியசாலைகளில் உட்கார்ந்தார்கள். வெள்ளைக்கார வைத்தியர் மாறி மாறிப் போவார், ஊரில் நிலைத்து நின்று மிக்சர் கலக்கினவன் நம்ம பையன்.

எல்லாருக்கும் தெரிந்த பெயர் சோமர்வெல். எவரெஸ்ட் ஏறப் போனவர். 1922 பயணத்தில் பனிச்சரிவில் சுமை தூக்கின ஏழு பேர் இறந்துபோனதைப் பார்த்து மனசு உடைந்தவர். அந்தப் பயணம் முடிந்து ஊர் சுற்றிக்கொண்டு நெய்யூருக்கு வந்தார். ஒரே ஒரு சர்ஜன் அவ்வளவு கூட்டத்தோடு திணறுவதைக் கண்டு, லண்டன் வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டார். 1924-ல் மறுபடி போய் 28,000 அடி அளவுக்கு ஆக்சிஜன் இல்லாமல் ஏறினார். கூட வந்த மல்லோரி கடைசியாக மேலே போகும்போது கொண்டுபோன கேமரா இவர் கொடுத்தது. அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் நம் ஜனங்களின் வயிற்றுப் புண்ணை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார். காரக்கோணத்தில் மெடிக்கல் காலேஜ் அவர் பெயரில் இருக்கிறது.

அவருக்கு அந்த மரியாதை தகும். ஆனால் அவர் கத்தி வைத்த நாட்களில் கொதிக்கும் தண்ணீரில் துணி அவித்துக் கொடுத்தவள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. நீ நோட்டை விடாதே.

செம்பருத்தி:

அக்கா சொன்னது அருமை. ஒரு மாற்றுக் கருத்து மட்டும். நெய்யூரும், நாகர்கோவிலில் 1893-ல் ஒரு குளியலறையையே மருந்தறையாக்கி ஹாரி ஆன்ட்ரூஸ் தொடங்கிய கேத்தரின் பூத் ஆஸ்பத்திரியும் வெளியில் இருந்து வந்த அமைப்புகள். இவர் கேட்பது ஊர்ப் பணம். இரண்டையும் ஒன்றாக வைத்தால், வந்தவர்கள்தான் எல்லாம் செய்தார்கள் என்ற பழைய கதைக்குள் போய் விழுவோம். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் இடத்தில் முன்பு இருந்த காசநோய் ஆஸ்பத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். மேரி புன்னன் லூக்கோஸ் முயற்சியில் சமஸ்தானம் கட்டியது அது. அதுவும் வேறு வகைதான்.

உள்ளூர் முயற்சி என்றால் கோட்டக்கல். பி.எஸ். வாரியர் 1902-ல் ஆரிய வைத்தியசாலையைத் தொடங்கினார். 1924-ல் ஏழைகளுக்கு இலவச ஆஸ்பத்திரி. தன் சொத்தைக் குடும்பத்துக்கென்று விடாமல் உயில் எழுதி அறக்கட்டளையாக்கினார். மருந்து விற்ற லாபத்தில் தர்ம ஆஸ்பத்திரி நடக்கும்படி அவர் அமைத்த ஏற்பாடு, அவர் 1944-ல் இறந்த பிறகும் நிற்கிறது. நல்ல மனசு தொடங்கி வைக்கும். நடத்திக்கொண்டு போக வருமானத்துக்கு வழி எழுதி வைத்திருக்க வேண்டும். உங்கள் பாட்டா நோட்டில் செலவுப் பக்கம் இருந்தால் அதையும் பாருங்கள்.

நெய்யூர் அக்கா:

செம்பருத்தி, நீ சொல்வது நியாயம். பணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வேறுதான். ஆனால் கட்டணம் கட்டினவனும், கோழியும் காய்க்குலையும் கொண்டு வந்து வாசலில் வைத்தவனும் இங்குள்ளவன்தான். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

கல்வெட்டுக் கந்தன்:

கல்லில் யார் பெயரை எழுதுவது என்ற கேள்விக்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 11-ஆம் நூற்றாண்டு. அங்கே நடந்த ஆதுலசாலையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். 15 கட்டில். நோயாளி ஒருவருக்கு நாளுக்கு நாழி அரிசி. வைத்தியர் ஒருவர். "சல்லியக்கிரியை பண்ணுவான்" ஒருவன், அதாவது சர்ஜன். பச்சிலை பறித்து, விறகு கொண்டு வந்து, மருந்து அடுகிறவர்கள் இரண்டு பேர். நோயாளிக்கு மருந்து கொடுக்கும் பெண்கள் இரண்டு பேர். நாவிதன், தண்ணீர் கொண்டு வருகிறவன். கையிருப்பில் வைக்க வேண்டிய மருந்துகள் சுமார் 20, அவற்றின் பெயர்களோடு.

விறகு சுமந்தவனின் பங்கு நெல்லும் அரசன் பெயர் உள்ள அதே கல்லில் இருக்கிறது. கமிட்டியில் யாராவது "எல்லாவற்றையும் எழுத இடம் எங்கே" என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

நம் பக்கத்திலேயே இன்னொன்று உண்டு. பார்த்திவபுரம் சாலையை (கல்விச்சாலை) ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866 வாக்கில் அமைத்தபோது, அந்த இடத்தை முஞ்சிறைச் சபையாரிடம் மாற்று நிலம் கொடுத்து வாங்கியதாகச் செப்பேட்டில் இருக்கிறது. அரசனே ஆனாலும் நிலம் எப்படி வந்தது என்று எழுதி வைத்தான்.

கொழிஞ்சாம்பாறை மருமகள்:

நான் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா. எங்க பக்கம் வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம். ஆஸ்பத்திரி என்றால் கட்டடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாமியாருக்குக் கேன்சர் வந்து, இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்ட பிறகுதான் வேறு ஒன்றைப் பார்த்தேன்.

வாரம் இரண்டு நாள் பாலியேட்டிவ்காரர்கள் (தீராத நோய்க்காரர்களின் வலியைத் தணிக்கிறவர்கள்) ஜீப்பில் வருவார்கள். ஒரு நர்ஸ், கூட ஊர்க்காரர்கள் இரண்டு பேர். ஒருத்தர் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், இன்னொரு பையன் காலேஜ் படிக்கிறவன். மாமியாருக்கு முதுகில் புண் வந்திருந்தது. அதைச் சுத்தம் பண்ணி, எனக்கும் பண்ணக் கற்றுக் கொடுத்தார்கள். வலிக்கு மார்ஃபின் மாத்திரை கொடுத்தார்கள். அத்தை மூன்று மாசத்துக்குப் பிறகு அன்றைக்கு ராத்திரி தூங்கினாங்க. நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

இது 1993-ல் கோழிக்கோடு மெடிக்கல் காலேஜில் ஒரு சின்ன அறையில் தொடங்கினது. பிறகு ஊர் ஊராக ஜனங்களே ஏற்று நடத்த ஆரம்பித்தார்கள். மலப்புறத்தில் கடைகளில் உண்டியல், பள்ளிப் பிள்ளைகளின் சில்லறை, ஒரு நாள் வசூலை அப்படியே கொடுத்த பஸ்காரர்கள், இப்படித்தான் வண்டிக்கு டீசலும் மருந்தும். 2008-ல் கேரள அரசாங்கம் இதற்கென்று தனிக் கொள்கையே கொண்டு வந்தது. உங்கள் பாட்டா காலத்துப் பிடியரிசிக் கலயத்துக்கும் எங்கள் கடை உண்டியலுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கூடலூர்த் தேயிலை:

எங்கள் கூடலூர் ஆதிவாசி ஆஸ்பத்திரியையும் சொல்ல வேண்டும். நீலகிரியில் இருந்தாலும் இறங்கினால் ஒரு பக்கம் நிலம்பூர், ஒரு பக்கம் வயநாடு. எண்பதுகளின் பின்பாதியில் கிராம சுகாதாரப் பணியாளர்களாகப் பணியர், பெட்டகுறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அதற்கு அடுத்து, எங்களுக்கென்று ஒரு ஆஸ்பத்திரி வேண்டும் என்று ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் கேட்டது. 1990-ல் அஸ்வினி அமைப்பின் கீழ் ஆஸ்பத்திரி வந்தது. எழுத்துப் படிப்பு அதிகம் இல்லாத ஆதிவாசிப் பெண்கள் அங்கே நர்ஸ் பயிற்சி பெற்றார்கள். 1992 முதல் சங்கத்தில் உள்ளவர்கள் வருஷச் சந்தா கட்டும் இன்சூரன்ஸும் உண்டு.

பணம் பல இடத்தில் இருந்து வந்தது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உள்ளே நுழையும் ஆள் "இது நம்ம ஆஸ்பத்திரி" என்று நுழைகிறான். சீட்டு எழுதும் இடத்தில் இருப்பவளும் தன் பாஷை பேசுகிறாள். அதற்கு என்ன விலை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தோவாளை மல்லிகா:

இழையை முதலில் இருந்து படித்தேன். எல்லாரும் கொடுத்தவர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் வேறொன்று கேட்கிறேன். அந்த நோட்டில் யாருடைய பெயர் இல்லை?

1946 என்பது கோயில் நுழைவு உத்தரவு (1936 நவம்பர் 12) வந்து பத்தே வருஷம். சட்டம் மாறினால் திண்ணையும் மாறிவிடுமா? டாக்டர் பல்பு மதராஸில் வைத்தியம் படித்து வந்தும், ஈழவர் என்பதால் 1891-ல் வேலை கொடுக்காத சமஸ்தானம் இது. அவர் மைசூருக்குப் போய் வேலை பார்த்தார். படித்தவருக்கே அப்படி என்றால் மண் சுமந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

எங்கள் ஆச்சி சொன்னது. எங்கள் பக்கத்தில் ஒரு தர்ம காரியத்துக்கு அரிசி கொண்டு போனபோது, எங்கள் தெரு அரிசியை வாங்க மாட்டோம் என்றார்கள். உலையில் கலந்துவிடும் அல்லவா? ஆனால் கல் உடைக்க, குழி தோண்ட ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். போனார்கள். கூலி இல்லை, தர்ம காரியம் என்றார்கள். அவர்கள் கொடுத்ததும் நன்கொடைதான். எந்த நோட்டிலும் அது இருக்காது.

உங்கள் பாட்டாவைக் குறை சொல்லவில்லை. நோட்டைக் கடைசிப் பக்கம் வரை பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

விளவங்கோட்டான்:

மல்லிகா அக்கா, நேற்று ராத்திரி உங்கள் பதிவைப் படித்துவிட்டு நோட்டைத் தலைகீழாகத் திருப்பினேன். பின்பக்கத்தில் இருந்து தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. "ஆள் பணி" என்று தலைப்பு. இப்படிப் போகிறது:

"கார்த்திகை 4. வானம் தோண்டு. ஆள் 11." (வானம் என்றால் அஸ்திவாரக் குழி)
"கார்த்திகை 5. ஷை. ஆள் 14." (ஷை என்றால் மேற்படி)
"கார்த்திகை 9. பாறைக்குழியில் இருந்து கல் சுமடு. ஆள் 22, அதில் பெண் 13."
"மார்கழி 2. ஓடு இறக்கு. ஆள் 6."

ஒன்பது பக்கம். ஒரு பெயர்கூட இல்லை. முன்பக்கத்தில் 2 சக்கரம் கொடுத்தவனுக்கு அப்பா பெயர், வீட்டுப் பெயர் எல்லாம் எழுதிய அதே கை, பின்பக்கத்தில் வெறும் எண்ணிக்கையை எழுதியிருக்கிறது. எங்கள் பாட்டாவின் கைதான். எனக்கு அதைப் பார்த்துவிட்டுத் தூக்கம் வரவில்லை.

பாறைக்குழி என்பது ஊருக்குத் தெற்கே இருக்கிற காலனிப் பக்கம். அங்கே இருந்து ஆஸ்பத்திரிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் ஏற்றம். தலைச்சுமையில் கல் வந்திருக்கிறது.

தோவாளை மல்லிகா:

தம்பி, இதை வெளியில் எடுத்து எழுதினீர்களே, அது போதும் எனக்கு. ஆள் கணக்காவது இருக்கிறது. 13 பெண்கள் என்று பிரித்து எழுதியிருக்கிறார். அது பிடிகொடுக்கும். காலனியில் 85, 90 வயதில் யாராவது இருந்தால் இப்போதே போய்க் கேளுங்கள். "எங்கம்மை ஆஸ்பத்திரிக்குக் கல் சுமந்தா" என்று ஒருத்தியாவது சொல்வாள்.

பொருளாளர்:

நான் வேறொரு ஊரில், இதே மாதிரி ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் பதினோரு வருஷமாகப் பொருளாளர். கமிட்டிக்காரர்கள் பக்கம் நின்று கொஞ்சம் பேச அனுமதியுங்கள்.

நாற்பது சென்ட் கொடுத்தவர் பெயரைப் போடுவது பத்திரத்திலேயே நிபந்தனையாக இருக்கலாம். பல பத்திரங்களில் அப்படி எழுதியிருக்கிறது. முதலில் பத்திர நகல் எடுத்துப் பாருங்கள். திருவிதாங்கூர் காலத்துப் பத்திரம் மலையாளத்தில் இருக்கும், 1956 நவம்பர் 1-க்கு முன்னால் உங்கள் தாலுகா அந்தப் பக்கம்தானே.

அடுத்தது, இன்றைய நிலை. ஊர் ஆஸ்பத்திரி நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று வெளியில் தெரியாது. பிரசவம் பார்க்க வேண்டுமானால் மயக்க மருந்து டாக்டர், குழந்தை டாக்டர், ரத்தம், ஆம்புலன்ஸ் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பழைய நாளில் ஒரு டாக்டரும் ஒரு மிட்வைஃபும் போதும். தீயணைப்புச் சான்று, கழிவு அகற்ற ஏற்பாடு, பதிவு என்று வரிசையாக வருகிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம், தனியார் பெரிய ஆஸ்பத்திரியில் காப்பீட்டு அட்டை. நடுவில் நிற்கும் நமக்கு ஓ.பி. சீட்டும் கொஞ்சம் மருந்தும்தான் வருமானம். வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப்பிள்ளை ஒருவன் எக்ஸ்ரே மெஷின் வாங்கித் தருகிறேன், அப்பா பெயரைப் போடுங்கள் என்றால், வேண்டாம் என்று எந்தக் கமிட்டி சொல்லும்? பெயருக்கு ஆசைப்பட்டுக் கொடுப்பதும் கொடுப்பதுதான். அந்த மெஷினில் நெஞ்சுப் படம் எடுத்தவன் பிழைத்தான்.

ஆகவே கல்லை எதிர்க்க வேண்டாம். கல்லோடு சேர்த்து நோட்டையும் வைக்கச் சொல்லுங்கள்.

செம்பருத்தி:

பொருளாளர் ஐயா, நீங்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். பெரிய தொகை இல்லாமல் நடக்காது. ஆனால் சின்னத் தொகை நின்றுபோனதும் இந்த ஆஸ்பத்திரிகள் தளர்ந்ததற்கு ஒரு காரணம். வாரம் 2 சக்கரம் கொடுத்த வீட்டுக்காரன் கமிட்டிக் கூட்டத்தில் வந்து கேள்வி கேட்பான். டாக்டர் வரவில்லை என்றால் அவன் கோபப்படுவான். அமெரிக்காவில் இருந்து ஒரே செக் வந்த பிறகு ஊரில் கோபப்பட யார் இருக்கிறார்கள்? கொழிஞ்சாம்பாறைச் சகோதரி சொன்ன உண்டியல்களில் பணத்தைவிட முக்கியமாக எனக்குத் தெரிவது அதுதான்.

குடியாத்தம் ரோடு:

ஆந்திர எல்லையில் இருந்து ஒரு சின்னக் குறிப்பு. வேலூர் சி.எம்.சி. கதை எல்லாருக்கும் தெரியும், 1900-ல் ஐடா ஸ்கடர் ஒரே கட்டிலோடு தொடங்கினது. எங்கள் வீட்டில் பேசுவது ஆஸ்பத்திரியைப் பற்றி அல்ல, 1909-ல் குடியாத்தம் ரோட்டில் தொடங்கிய மரத்தடி வைத்தியத்தைப் பற்றி. வாரத்தில் ஒரு நாள் வண்டி வரும். குறிப்பிட்ட மரத்தடியில் ஜனங்கள் விடியும் முன்பே வந்து வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த மரத்தடியைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, குடத்தில் தண்ணீர் வைப்பது ஊர்க்காரர்கள் வேலை. எங்கள் கொள்ளுத்தாத்தா வீட்டுக் குடம் என்று பெருமையாகச் சொல்வார்கள்.

மேலே ஆந்திரச் சித்தூர் தாண்டி மதனப்பள்ளி பக்கம் ஆரோக்கியவரம் காசநோய் சானடோரியம் 1915-ல் இருந்து. எங்கள் பெரியப்பா அங்கே எட்டு மாசம் இருந்து பிழைத்து வந்தவர். அங்கே தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே வராந்தாவில் கேட்கும் என்பார்.

ஆயிக்குடி வாசி:

தென்காசிப் பக்கம் வருகிறவர்கள் ஆயிக்குடியில் இறங்கி அமர் சேவா சங்கத்தை ஒரு தடவை பாருங்கள். கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் ஒரு ஓலைக் கொட்டகையில் சில பிள்ளைகளோடு தொடங்கினது. தனக்குச் சிகிச்சை கொடுத்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் பெயரைத்தான் சங்கத்துக்கு வைத்தார். தன் பெயரையோ குடும்பப் பெயரையோ வைக்கவில்லை.

விளவங்கோட்டான்:

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

காலையில் காலனிக்குப் போனேன். கூட நெய்யூர் அக்காவும் வந்தார்கள், பஸ் மாறி வந்து இறங்கினார்கள். அங்கே ஒரு ஆச்சி இருக்கிறார். வயது அவருக்கே தெரியாது, "ஸ்ரீசித்திரைத் திருநாள் பட்டம் கெட்டினப்போ நான் தவழுத பிள்ளை" என்றார். அது 1931. கல் சுமந்தது யார் என்று கேட்டதும், நாங்கள் எதிர்பார்க்காத வேகத்தில் விரலை மடக்கிப் பெயர் சொல்ல ஆரம்பித்துவிட்டார். தன் அம்மை, சித்தி, அடுத்த வீட்டு இரண்டு பேர், பாறைக்குழியில் தமர் அடித்தவர்கள் (வெடி வைக்கப் பாறையில் துளை போட்டவர்கள்). மொத்தம் பதினேழு பெயர். ஒரு பெயரைச் சொல்லும்போது மட்டும் நிறுத்திவிட்டார். கல்லோடு வழுக்கி விழுந்து கால் போனவராம். ஆஸ்பத்திரி திறந்த பிறகு முதலில் அங்கே கட்டுப் போட்டுக்கொண்டவர் அவர்தான் என்றார். கடைசி வரை நொண்டித்தான் நடந்தாராம்.

அக்கா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். பெயர்களை இங்கே போட மாட்டேன். அவர்கள் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டுத்தான் எங்கும் எழுத வேண்டும்.

சாயங்காலம் கமிட்டி. பத்திரத்தில் பெயர்ப்பலகை நிபந்தனை எதுவும் இல்லை, பொருளாளர் ஐயா சொன்னபடி நகல் எடுத்துப் பார்த்தோம். நிலம் கொடுத்த குடும்பத்தில் இருந்து பேரன் வந்திருந்தார். நோட்டை அவர் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கள் கல்லை உள்ளே ஓ.பி. ஹாலுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அவர் சொன்னார். கமிட்டியில் இரண்டு பேர் ஒப்புக்கொள்ளவில்லை, அச்சடித்த அழைப்பிதழை என்ன செய்வது என்கிறார்கள். அடுத்த கூட்டம் இருபத்தோராம் தேதி. இதுவரை தீர்ந்தது ஒன்றுதான்: நோட்டு முழுவதையும் ஸ்கேன் செய்து ஒரு பிரதி ஆஸ்பத்திரியில் இருக்கும்.

மலையாளப் பக்கங்களை பாறசாலையில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு சார் வாசித்துத் தருகிறார். 47-ஆம் பக்கத்தில் மட்டும் இருவரும் நிற்கிறோம். "க. 1 சி." என்று பதினோரு இடத்தில் வருகிறது. எல்லாமே தை மாசத்துக்குப் பிறகு, எல்லாமே பனவிளைப் பக்கத்து வீடுகள். அண்ணாச்சி, இது என்ன?

நாஞ்சில் கணக்கு:

கருப்பட்டி 1 சிப்பம். தைக்குப் பிறகுதானே அக்கானி (பதநீர்) இறங்கும், அதனால்தான் அந்த மாசங்களில் வருகிறது. பனையேறுகிற வீடுகளில் கையில் சக்கரம் இருக்காது, கருப்பட்டிதான் இருக்கும். அதை விற்ற வரவு தனியாக எங்காவது எழுதியிருப்பார். பங்குனி, சித்திரைப் பக்கங்களில் "க. விற்ற வகை" என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள், கூட்டிப் பார்க்கலாம்.